முப்பத்தெட்டுச் சிப்பாய்களும் முப்பத்தொன்பது சீட்டுகளும்

பிரியமான மகளே,

பெட்டியைத் திறந்ததும் முதலில் இந்தக் கடிதம்தான் உன் கையில் கிடைக்கும்படி வைத்திருக்கிறேன். கீழே இருக்கிற அட்டையைத் தூக்காதே. ஒரு பத்து நிமிஷம் உட்கார்ந்து இதை வாசித்துவிடு. அதற்குப் பிறகு என்னைத் திட்டவேண்டும் என்று தோன்றினால் போன் போடு, எந்த நேரமானாலும் எடுக்கிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் சிப்பாய் பொம்மைகள் முப்பத்தெட்டையும் நான் சோப்புத் தண்ணீரில் போட்டுக் கழுவிவிட்டேன். அவற்றின் அடியில் நீ ஒட்டி வைத்திருந்த சீட்டுகள் எல்லாம் கழன்று வந்துவிட்டன. எந்தச் சீட்டு எந்தச் சிப்பாயுடையது என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை. ஆறு வாரமாக நீ கேட்கும்போதெல்லாம் கூரியர்காரன் சுணக்குகிறான் என்று சொன்னேனே, அத்தனையும் பொய். அந்த மனுஷன்மேல் ஒரு தப்பும் கிடையாது.

நீ தெளிவாகத்தான் சொன்னாய். உன் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நான் பக்கத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். மெல்பர்னில் பொம்மைச் சிப்பாய் சேர்க்கிறவர்கள் மாதம் ஒருமுறை கூடுகிறார்கள், புதுவீட்டில் உன் சிப்பாய்களை வைக்கக் கண்ணாடி அலமாரி வாங்கியாகிவிட்டது, டப்பாவும் சீட்டும் போய்விட்டால் ஒரு பொம்மை எங்கே செய்தது, எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்றெல்லாம் விளக்கினாய். "மூணு டப்பாவையும் அப்படியே அனுப்பச் சொல்லுங்கம்மா. ஒண்ணையும் வெளிய எடுக்கவேண்டாம்னு சொல்லுங்க" என்றாய். என் காதில் நன்றாக விழுந்தது. விழுந்தபோது எனக்குள் ஒரு சிரிப்பு வந்தது, பார், அதுதான் வினை. முப்பத்துநாலு வருஷம் துறைமுகத்தில் சரக்கு எண்ணியவனுக்கு நீ பெட்டி கட்டச் சொல்லித் தருகிறாயா என்று நினைத்துக்கொண்டேன். பெட்டியில் இரண்டு பக்கமும் அடையாளம் எழுதவில்லை என்று எத்தனை பேரை வெயிலில் நிறுத்திவைத்துச் சத்தம் போட்டவன் நான்!

அதோடு ஆஸ்திரேலியா என்றாலே எனக்கு ஒரு பயம் உண்டு. சரக்கில் கொஞ்சம் மண் ஒட்டியிருந்தால் போதும், பூச்சி ஒன்று இருந்தால் போதும், அப்படியே நிறுத்திவிடுவார்கள் என்று வேலைக்காலம் முழுக்கக் கேட்டுப் பழகியவன். உன் பிஸ்கட் டப்பாக்களைத் திறந்தால் பஞ்சில் சுற்றிய சிப்பாய்கள், தகரத்தில் துரு, அட்டைத் தடுப்புகளில் பூச்சி அரித்த தூள். கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி நீ செய்த தடுப்புகள் என்று பிறகுதான் உன் அம்மா சொன்னாள். நான் தடுப்புகளை உருவிக் குப்பையில் போட்டேன். டப்பாக்களையும் சிப்பாய்களையும் பின்பக்கக் குழாயடிக்குக் கொண்டுபோய், வாளியில் சோப்புத்தூள் கரைத்து, எல்லாவற்றையும் உள்ளே தள்ளிவிட்டு, பழைய பிரஷ் ஒன்றைத் தேடிக்கொண்டு உள்ளே போனேன். திரும்பி வந்தபோது வாளியின் மேலே சின்னச் சின்னத் தாளாக மிதந்துகொண்டிருந்தது. அப்போதுகூட எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஏதோ அழுக்குத் தாள் என்று ஒரு கைப்பிடி அள்ளிச் செடிக்கடியில் போடப் போனேன்.

உன் அம்மாதான் ஓடிவந்தாள். "ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டு இருக்கிய" என்றாள். ஒவ்வொரு சீட்டாகத் தண்ணீரிலிருந்து எடுத்து, மொட்டைமாடியில் பேப்பர் விரித்து, கடல்காற்று அடித்துக்கொண்டு போகாமல் ஒவ்வொன்றின்மேலும் புளியங்கொட்டை வைத்துக் காயப்போட்டாள். பள்ளிக்கூட நோட்டில் ஒட்டும் லேபிளை நாலாக வெட்டி நீ செய்த சீட்டுகள் அவை. ஸ்கெட்ச் பேனாவில் போட்ட நம்பர்கள் எல்லாம் கரைந்து ஊதாவாக ஓடிவிட்டன. பால்பாயிண்டில் பொடிப்பொடியாக எழுதியிருந்தது மட்டும் நின்றது. நான் குனிந்து ஒன்றை வாசித்தேன். வாசித்தவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன், மாடி சுடுகிறது என்பதுகூடத் தெரியவில்லை.

அதைச் சொல்வதற்கு முன்னால் இந்தச் சிப்பாய்கள் எப்படி வந்தன என்று என் பக்கத்தைச் சொல்கிறேன். முதல் சிப்பாய், மேளம் அடிக்கிறவன். உனக்கு ஏழு வயது. ஒரு கப்பலில் சமையல்காரனுக்கு என் கையிலிருந்த முந்திரி மக்ரூன் இனிப்புப் பொட்டலத்தை நீட்டினேன். அவன் நின்றவாக்கிலேயே ஒன்பது தின்றுவிட்டு, பாஷை தெரியாமல், தன் பையிலிருந்து அந்தத் தகரச் சிப்பாயை எடுத்து என் கையில் வைத்தான். வீட்டில் கொண்டுவந்து கொடுத்தேன். நீ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாய். பிள்ளைக்குச் சிப்பாய் என்றால் உயிர் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். அதற்கப்புறம் எந்தக் கப்பலில் ஏறினாலும் மக்ரூனோடுதான் ஏறினேன். கப்பலில் கிடைக்காவிட்டால் துறைமுகத்துக்கு வெளியே, கப்பல்காரர்கள் விற்றுவிட்டுப் போகிற சாமான்களை வைத்து வியாபாரம் செய்த காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் கடையில் வாங்கினேன். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள் அல்லவா, நானும் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். எனக்காக அவர் சிப்பாய்களைத் தனியாக எடுத்து வைப்பார்.

பதினைந்து வருஷம் இப்படி வாங்கிக் கொடுத்தவன், கொடுத்த சிப்பாயில் ஒன்றையாவது தலைகீழாகத் திருப்பி, அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை. சரக்கென்றால் நாலு பக்கமும் திருப்பிப் பார்ப்பேன். அடியில் நீ என்ன எழுதியிருந்தாய் என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், நான் வாசித்துவிட்டேன் என்று உனக்குத் தெரியவேண்டும். "என் பிறந்தநாள். அப்பா வரல. நிலக்கரிக் கப்பல்." "கிறிஸ்மஸ் நாடகம். நான் தேவதூதன். அப்பா வரல. முந்திரிக்கொட்டைக் கப்பல்." "கோவில்ல எனக்குத் திடப்படுத்தல் ஆராதனை. அப்பா வரல. மரக் கப்பல்." "பல் பிடுங்கினது. அப்பா வரல. நிலக்கரிக் கப்பல்." ஒன்றின்பின் ஒன்றாகப் புளியங்கொட்டையை நகர்த்தி நகர்த்தி வாசித்தேன். பரிசு என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஒவ்வொன்றின் அடியிலும் நான் வராத ஒரு நாள் இருந்தது.

எனக்குக் குழப்பமாக இருக்கிறது, மகளே. இன்றைக்கும் தெளியவில்லை. இது என்மேல் எழுதிய குற்றப்பத்திரிகையா? அப்படியென்றால் ஒவ்வொன்றையும் ஏன் பஞ்சில் சுற்றி வைத்தாய்? கல்யாணமாகி ஊரைவிட்டுப் போனபிறகும் ஏன் விடாமல் கேட்கிறாய்? ஆசையாக வைத்துக்கொண்டாய் என்றால் "வரல, வரல" என்று முப்பத்தெட்டுத் தடவை ஏன் எழுதினாய்? உனக்குச் சிப்பாய் பொம்மை பிடிக்குமா பிடிக்காதா என்றே எனக்கு இப்போது தெரியவில்லை. உன் அம்மாவிடம் கேட்டேன். அவளுக்கு எல்லாம் தெரியும்போல. "அவட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டு மீன் கழுவப் போய்விட்டாள். எனக்கோ உன்னிடம் கேட்கப் பயம். கூரியர்காரன்மேல் பழி போட்டது அந்தப் பயத்தில்தான். யோசித்துப் பார்த்தால் கப்பலுக்குப் பதில் கூரியர் என்று சொல்லியிருக்கிறேன், வேறொன்றும் மாறவில்லை.

நம்ம ஊர்ப்பக்கம் நாசரேத்தில் என் அப்பா நான் படித்த பள்ளிக்கூடத்திலேயே வாத்தியார் என்பது உனக்குத் தெரியும். வகுப்பில் அப்பா, மைதானத்தில் அப்பா, ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பக்கத்துப் பெஞ்சில் அப்பா. கொஞ்சநேரம் எங்கேயாவது போகமாட்டாரா என்று ஏங்கி வளர்ந்தவன் நான். பிள்ளையைச் சும்மா விடுவதுதான் நல்ல தகப்பனுக்கு அடையாளம் என்று உள்ளுக்குள் எங்கேயோ நம்பியிருக்கிறேன். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. முட்டாள்தனம் எங்கிருந்து தொடங்கியது என்று தேடும்போது கையில் அகப்பட்டது, சொன்னேன்.

சரி, கெடுத்தவன்தான் சரிபண்ணவேண்டும் என்று உட்கார்ந்தேன். சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கம் சிப்பாய்கள், ஒரு பக்கம் சீட்டுகள். மேசை எனக்கு வேண்டும் என்று உன் அம்மா கேட்கவே இல்லை, நாங்கள் இரண்டு பேரும் ஒரு மாதமாகத் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிட்டோம். உன் சீட்டில் நாள் இருக்கிறது, நான் சொன்ன கப்பலும் இருக்கிறது. என் மண்டையில் எந்தச் சிப்பாய் எந்தக் கப்பலில் கிடைத்தான் என்பது இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் ஆள் யார் என்று தெரிந்துவிடும் அல்லவா? மரக் கப்பல் என்றால் சந்தேகமே இல்லை, மண்டியிட்டுத் துப்பாக்கி நீட்டுகிறவன்தான். அவனைக் கொடுத்த மாலுமிக்கு ஒரு கண்ணில் கட்டி வந்திருந்தது. முந்திரிக்கொட்டைக் கப்பல் என்றால் குதிரைக்காரன். அவனுடைய குதிரைக்கு வால் கிடையாது, வரும்போதே கிடையாது, நான் கழுவியதில் போகவில்லை, அதையும் இங்கே குறித்துக்கொள். இப்படி இருபத்திரண்டு பேரை அடையாளம் கண்டுவிட்டேன். ஆனால் நிலக்கரிக் கப்பல் என்று மட்டும் பதினொரு சீட்டு இருக்கிறது. நிலக்கரி தினமும் வருகிற சரக்கு, எதை எதோடு சேர்ப்பது? வேறு ஐந்தும் பிடிபடவில்லை. அந்தப் பதினாறு சீட்டையும் தனி உறையில் போட்டிருக்கிறேன். அந்தப் பதினாறு பேரும் மூன்றாம் டப்பாவில் இருக்கிறார்கள். நீ பார்த்துச் சொன்னால் உண்டு.

அடையாளம் கண்ட இருபத்திரண்டிலும் சீட்டைப் பசை போட்டு ஒட்டவில்லை, காலில் நூலால் கட்டியிருக்கிறேன். நான் தப்பாகச் சேர்த்திருந்தால் நீ அவிழ்த்து மாற்றிக்கொள்ளலாம். சீட்டின் பின்பக்கம் காலியாக இருந்தது. அதில் எனக்குத் தெரிந்ததைப் பென்சிலில் எழுதியிருக்கிறேன், யார் கொடுத்தான், பதிலுக்கு நான் என்ன கொடுத்தேன், வரும்போதே என்ன உடைந்திருந்தது என்று. உன் சங்கத்துக்காரர்கள் கேட்டால் காட்டு. உன் எழுத்துமேல் ஒரு கோடுகூடப் போடவில்லை.

ஒரு சீட்டில் மட்டும் பென்சிலில் எழுதக் கை வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். கொடி பிடிக்கிறவன். உன் சீட்டில், "பேச்சுப்போட்டி. அப்பா வரல. உப்புக் கப்பல்னு சொன்னாங்க" என்று இருக்கிறது. மற்ற எதிலும் நீ "னு சொன்னாங்க" என்று எழுதவில்லை, நான் எல்லாவற்றையும் இரண்டு தரம் பார்த்துவிட்டேன். அன்றைக்கு உப்புக் கப்பல் எதுவும் இல்லை. மத்தியானமே எனக்கு வேலை முடிந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்குத்தான் கிளம்பினேன். வழியில் காக்கா கடையில் இறங்கி, உனக்கு ஒரு சிப்பாய் வாங்கிக்கொண்டு போகலாம் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. ஏன்? மற்ற தகப்பன்மார் நடுவில் போய் உட்காரக் கூச்சமா? நீ மேடையில் திணறினால் பார்த்துத் தாங்கமாட்டேன் என்ற பயமா? எத்தனையோ முறை யோசித்தாகிவிட்டது, எனக்கே தெரியவில்லை. டீ வந்தது, குடித்தேன். காக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிள்ளைக்கு விசேஷம்னு சொல்லுதிய, நீங்க இங்கன உக்காந்து இருக்கியளே" என்றார். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். அன்றைக்கு அந்தக் கொடிக்காரனுக்குக் காசு வாங்க அவருக்கு மனமில்லை, சும்மாவே கொடுத்தனுப்பினார். நீ முதல் பரிசு வாங்கிவிட்டு வந்திருந்தாய். உனக்கு அப்போதே தெரியுமா, ஏளா மகளே? தெரிந்தும் பதிமூன்று வயதில் வாயைத் திறக்காமல் இருந்தாயா? வெட்கமாக இருக்கிறது எனக்கு.

புத்தி சொல்லும் யோக்கியதை இல்லாதவன்தான். ஆனாலும் தகப்பன் கடிதத்தில் ஒன்றிரண்டாவது இருக்கவேண்டுமே. வேலை முடிந்தால் எழுந்து வீட்டுக்குப் போய்விடு, நடுவில் எங்கேயும் உட்காராதே. வெறுங்கையோடு போகிறோமே என்று யோசிக்காதே. உன் புருஷன் பிந்தி வந்தால், ஏதாவது பொருளைக் கையில் கொடுத்தால், வாங்கி அடியில் எழுதிவைக்காதே, அங்கேயே கேட்டுவிடு. என்னோடு நீ ஒரு தரம் சண்டை போட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். இதில்கூட உன்மேல் பழியைத் தள்ளுகிறேன் பார், கண்டுகொள்ளாதே.

கடைசியாக அந்த முப்பத்தொன்பதாவது சீட்டு. சிப்பாய் முப்பத்தெட்டு, சீட்டு முப்பத்தொன்பது. எண்ணிப் பழகிய எனக்கு அது எவ்வளவு பெரிய உறுத்தல் என்று உனக்குச் சொல்லவேண்டாம். சீட்டு இருந்து சரக்கு இல்லையென்றால் எங்களுக்கு அது பஞ்சாயத்து. நான் ஒருவனைத் தொலைத்துவிட்டேன் என்று நினைத்தேன். இரண்டு நாள் தேடினேன். பிரிட்ஜை நகர்த்தினேன், குழாயடிச் சாக்கடையில் கைவிட்டுத் துழாவினேன், செடிகளைப் பிடுங்கிப் பார்த்தேன். சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: "முயல் தீவு. அப்பா வந்தாங்க." கப்பல் பெயர் இல்லை. கப்பல் இல்லாமல் எந்தச் சிப்பாய் என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? மூன்றாம் நாள் சாக்கடை மூடியை மறுபடி தூக்கிக்கொண்டிருந்தபோது உன் அம்மா வந்து நின்றாள். அவள் சத்தமே போடவில்லை.

"அன்னைக்கு நீங்க கூட வந்தீங்கல்லா. வராத நாளைக்குத்தான பொம்ம" என்றாள். "அந்தச் சீட்டு எந்தப் பொம்மையிலயும் ஒட்டல. மூணாவது டப்பால ஒரு கட்டத்தச் சும்மா விட்டு, அதுக்கு அடியில தகரத்துலயே ஒட்டி வச்சிருந்தா. வேற எதையும் அதுல வைக்கவிடமாட்டா."

அந்தக் காலிக் கட்டம் எனக்கு ஞாபகம் இருந்தது. டப்பாவைத் திறந்த அன்றைக்கே பார்த்தேன். இடத்தை வீணாக்கியிருக்கிறாள், பெட்டி கட்டத் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன். துறைமுகத்துக்குப் பக்கத்திலிருக்கிற முயல் தீவுக்குச் சோறு கட்டிக்கொண்டு போன நாளும் ஞாபகம் வந்தது. துறைமுகத்தில் வேலை இல்லாத ஒரு காணும் பொங்கல். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. சோற்றில் மணல் விழுந்தது, நீ சிரித்தாய், நான் உன் அம்மாவைக் கோபித்தேன், திரும்பும்போது என் தோளில் தூங்கிவிட்டாய். அவ்வளவுதான். சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். அறுபத்திரண்டு வயதில் அழுகிறவன் எப்படி இருப்பான் என்று தெருவுக்கே தெரிந்துவிட்டது.

இதுவரை வீட்டில் எழுதியது. மிச்சத்தைக் கூரியர் அலுவலகத்தில் நின்றுகொண்டு எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். பெட்டியை ஒட்டுவதற்கு முன்னால் இங்கே திறந்து பார்க்கிறார்கள். கனத்த அட்டையில் புதுத் தடுப்பு நான் வெட்டியது, மூன்று டப்பாவிலும் சேர்த்து முப்பத்தொன்பது கட்டம். இங்கே இருக்கிற பெண் நல்ல கெட்டிக்காரி, என்னைப்போலவே எண்ணுகிறாள். "சார், ஒண்ணு குறையுதே" என்றாள். குறையவில்லை, அது அப்படித்தான் இருக்கவேண்டும் என்றேன். அவள் தாளில் முப்பத்தெட்டு என்று எழுதிக்கொண்டாள். அந்தக் கட்டத்துக்கு நாலு பக்கமும் அட்டையை உயர்த்தி வைத்திருக்கிறேன், பெட்டி எவ்வளவு ஆடினாலும் பக்கத்துக்காரன் அதற்குள் வந்து விழமாட்டான். அடியில் உன் சீட்டைப் பழையபடியே ஒட்டியிருக்கிறேன். பின்பக்கம் எதுவும் எழுதவில்லை.

இன்னொன்று. போன வாரம் புதுவீட்டு ஜெபத்துக்கு உன் அம்மாவைக் கூப்பிட்டபோது, "அப்பாவுக்கு வேலை இருக்கும்லா, நீங்க மட்டும் வாங்கம்மா" என்று நீ சொன்னது எனக்குக் கேட்டது. எனக்கு என்ன வேலை என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். நான் ரிட்டயராகி நாலு வருஷமாகிறது. டிக்கெட் இரண்டாகப் போட்டாகிவிட்டது, உன் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்.

நான் வாரேன். கையில் பொம்மை எதுவும் கொண்டுவரவில்லை.

அப்பா